இல்லாத கம்பைத் தாண்டிய குதிரை

குதிரை ஓடிவரும் சத்தம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு கம்பைத் தாண்டுவதற்காகத் தரையை விட்டு எழும்பும்போது அந்தச் சத்தம் பட்டென்று அறுந்துபோவதும், சேணத்தின் தோல் ஒருமுறை மட்டும் முனகுவதும், பிறகு முன்னங்கால்கள் இரண்டும் செம்மண்ணில் 'தொப்பு தொப்பு' என்று அடுத்தடுத்து விழுவதும், பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தினமும் சாயங்காலம் அதைக் கேட்டேன். சில நாட்களில் அந்தச் சேணத்தின் மேலேயே உட்கார்ந்தும் கேட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ராஜபாளையத்தில் ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் அப்பா காவலாளிகளுக்குத் தலைவராக இருந்தார். அதற்கு முன்பு பட்டாளத்தில் குதிரைப் பிரிவில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால், மில்லில் முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவர் அந்தப் பட்டாளப் பதவிப் பெயரால் 'தபேதார்'தான். முதலாளி தன் மகன் ஏறிப் பழகட்டும் என்று பட்டாளத்தில் கழித்துவிட்ட ஒரு பெண் குதிரையை ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். மகன் இரண்டு முறை ஏறினான், ஒரு முறை விழுந்தான், பிறகு கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். குதிரை அப்பாவிடம் வந்து சேர்ந்தது.

அதன் பட்டாளத்துப் பெயர் 'பிஜ்லி'. மின்னல் என்று அர்த்தமாம். மில் ஆட்கள் வாயில் அது 'பிச்சிலி' ஆகி, பிறகு வெறும் 'பிச்சி' ஆயிற்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டியும், மற்ற இடமெல்லாம் புளியங்கொட்டை நிறமும், முன்னங்காலில் ஒரு பழைய தையல் தழும்பும் அதற்கு இருந்தன. அம்மா மட்டும் அதை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அது 'அது'தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அவள், காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்திலும், வெள்ளைப் புடவையில் குதிரை வாடை படாமல் இருக்க லாயத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். குதிரை தும்மினால் அவள் ஓரடி பின்னால் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மில்லுக்குப் பின்னால் ஒரு தரிசு கிடந்தது. மேற்கே மலை. அந்தத் தரிசில் அப்பா சிவப்பும் வெள்ளையும் பூசிய மூங்கில் கம்புகளை இரண்டு கட்டைகளுக்கு மேல் வைத்து, பிஜ்லியைத் தாண்டவைப்பார். ஒவ்வொரு வருடமும் குடியரசு தினத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் விழாவில், கொடியேற்றி முடிந்ததும் தபேதாரும் பிச்சியும் மூன்று கம்புகளைத் தாண்டிக் காட்டுவார்கள். அதைப் பார்க்கவென்றே கடைகளைப் பாதி சாத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

அதற்கு வயது இருபது நெருங்கிக்கொண்டிருந்தது. இடது கண்ணில் எப்போதோ 'பூ விழுந்து' வெளுத்துப் போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். வலது கண் கறுப்பாக, பளபளவென்று நன்றாகவே இருந்தது. "வயசாயிருச்சே தபேதார், தாண்டினது போதாதா?" என்று முதலாளியே இரண்டொரு முறை கேட்டிருக்கிறார். அப்பாவிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"நாம என்ன முடிவு பண்றது முதலாளி? அதுவே சொல்லும். கம்பு முன்னால வந்து மூணு தடவ நின்னுச்சுன்னா, அன்னைக்கே சேணத்தக் கழட்டிருவேன்."

அது ஒருநாளும் நிற்கவில்லை. அப்பா சொன்னது எனக்கு அப்போது எவ்வளவு நியாயமாகப் பட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தாண்டுகிற குதிரைக்குத்தான் தன் கால் எப்போது ஓயும் என்று தெரியும் என்று நானும் நம்பினேன்.

அந்த வருடம் கார்த்திகை மாதத்தில் அப்பா ஒரு முடிவு சொன்னார். தன் கனம் குதிரைக்கு இனி அதிகம், ஆகையால் குடியரசு தினத்துக்குப் பாப்பாதான் ஏறுவாள் என்றார். பாப்பா என்றால் நான். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நான் தரையில் கால் படாமல் நடந்தேன். வகுப்பில் ஒருத்தி பாக்கி இல்லாமல் சொல்லிவிட்டேன்.

அப்பா எனக்குப் பழக்கியது ஒரே ஒரு விஷயம்தான். எண்ணுவது. வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பியதும் குதிரையின் பாய்ச்சலை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எட்டு வந்ததும் இரண்டு குதிகாலாலும் விலாவை அமுக்கி, 'ஹப்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏழில் சொல்லக் கூடாது, ஒன்பதில் சொல்லக் கூடாது. "கம்பப் பாக்காத, எண்ணு" என்பார். சோறு சாப்பிடும்போதுகூட, "திரும்பினதும் எத்தனை?" என்று கேட்பார். "எட்டு" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவார். குதிரை ஏறுகிற வித்தையே இந்த எண்ணிக்கைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று சாயங்காலம் கம்புகளுக்குப் புதுச் சாயம் பூசுவதற்காக அப்பா அவற்றைக் கழற்றி லாயத்துக்குக் கொண்டுபோயிருந்தார். கட்டைகளும் இல்லை. தரிசு வெறுமனே கிடந்தது. "சும்மா நாலு சுத்து சுத்திட்டு வா" என்று என்னை ஏற்றிவிட்டுப் போனார். நான் வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பினேன். பழக்கத்தில் வாய் எண்ணத் தொடங்கிவிட்டது. எட்டு வந்ததும் கால் தானாக அமுங்கியது. 'ஹப்' என்று விளையாட்டாகச் சொன்னேன்.

பிஜ்லி எழும்பியது.

முழு உயரத்துக்கு, முழங்கால்களை மார்போடு மடக்கி, கம்பு இருந்தால் எப்படித் தாண்டுமோ அப்படியே தாண்டி, வெறும் தரையின் மேல் பறந்து அந்தப் பக்கம் இறங்கியது. நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழாமல் தப்பினேன். முதலில் சிரித்தேன். குதிரைக்கும் விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அதைத் தரிசின் நடுவே, எப்போதுமே கம்பு வைக்காத இடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி 'ஹப்' சொன்னேன். மறுபடியும் அதே உயரம், அதே மடக்கல். இறங்கியபோது அதன் வாயிலிருந்து ஒரு இருமல் வந்தது.

அப்போதே நான் கீழே குதித்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது முறையும் சொன்னேன். நிச்சயப்படுத்திக்கொள்ள என்று இத்தனை காலமும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. சொன்னால் தாண்டுகிறது என்பதில் ஒரு போதை இருந்தது. மூன்றாவது முறையும் அது ஒன்றுமில்லாததைத் தாண்டியது.

பிறகு இறங்கி, அதன் முன்னால் போய் நின்றேன். வலது கண்ணுக்கு நேராக, காற்று அசையாதபடி, மெல்ல ஒரு விரலைக் கொண்டுபோனேன். இமை அசையவில்லை. விரல் இமை மயிரைத் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. அந்தக் கறுப்புப் பளபளப்பில் என் முகமும் பின்னால் இருந்த மலையும் தெரிந்தன. எனக்கு அதில் எல்லாமே தெரிந்தன; அதற்கு ஒன்றுமே தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. அது செத்துப்போகப் போகிறது என்று சொல்வதைப் போல. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் கண் முகாம்களில் வேலை பார்த்தவள். மறுநாள் காலையில் பஸ்ஸுக்குப் புறப்பட்ட வெள்ளைப் புடவையோடு, கையில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த லாயத்துக்குள் போனாள். அப்பா அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி எஸ்தரு, தலையக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றாள் என்னிடம். குதிரை மூச்சுவிட்டதும் ஓரடி பின்னால் போனாள். ஆனாலும் கிட்டே போய் வலது கண்ணில் வெளிச்சத்தை அடித்தாள். குதிரையின் கண்மணி நம்முடையதைப் போல வட்டமாக இருக்காது, படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும். அது சுருங்கவில்லை. அம்மா டார்ச்சை அணைத்தாள், மறுபடி அடித்தாள். கண்மணி திறந்தபடி அப்படியே நின்றது.

"இதுக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சு" என்றாள். அப்பா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அம்மா அவரையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பிரஷ்ஷைத் தட்டி, மயிரை உதறி, பலகை மேல் வைத்துவிட்டு, "தெரியும்" என்றார்.

"எம்புட்டு நாளா?"

"போன கிறிஸ்மஸுக்கு முந்தி இருந்து."

போன கிறிஸ்துமஸ். அதற்குப் பிறகுதான் போன குடியரசு தினம் வந்தது. நானும் அம்மாவும் மைதானத்தில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறோம். அந்தக் கணக்கு இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்திருக்க வேண்டும். அம்மா லாயத்தின் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மேலயா எம்பிள்ளைய ஏத்திவிட்டீய?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பா எதிர்த்துப் பேசியிருப்பார். அவரும் தணிந்த குரலில்தான் பதில் சொன்னார்.

"அவளுக்குக் கணக்குத் தெரியும். எட்டு. தப்பா எண்ணவே மாட்டா. என் கனத்துக்கு அவ பாதிதான், அது காலுக்கும் நல்லது."

குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்தபடி நான் நின்றேன். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது குதிரையேற்றம் இல்லை. என்னிடம் சொல்லாமலேயே, அந்தக் குதிரைக்குக் கண்ணாக என்னை வைத்திருக்கிறார். ஏழில் சொல்லியிருந்தால்? தும்மல் வந்து எட்டைத் தவறவிட்டிருந்தால்? "கம்பப் பாக்காத, எண்ணு" என்ற குரல் என் காதில் வேறு விதமாகக் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அப்பாவே பேசினார். பட்டாளத்தில் ஏலத்துக்கும் தேறாமல் போன குதிரைகளை என்ன செய்வார்கள் என்று தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். இரண்டு முறை தானே கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பள்ளம் முதலிலேயே தோண்டியிருக்குமாம். நெற்றியில் சுட்டி இருக்கிற இடத்துக்கு மேலே ஒரே ஒரு குண்டு. "தாண்டுற வரைக்கும்தான் இதுக்குச் சோறு. குருடுன்னு தெரிஞ்சா முதலாளி வச்சிருப்பாவளா?" என்றார்.

"எம்பிள்ள ஏற மாட்டா" என்றாள் அம்மா.

"சரி. நான் ஏறுதேன். இந்த ஒரு தடவ. வரலன்னு சொன்னா ஏன்னு கேப்பாவ."

அம்மா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மிச்ச நாட்களில் நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியேயும் சொல்லவில்லை. அம்மா ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் சொல்லவில்லை என்று தெரியும். அந்தப் பள்ளம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

விழா நாளில் மைதானம் நிறைந்திருந்தது. அப்பா முதல் நாளே பிஜ்லியை நடத்தியே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய், விடிந்ததும் தன் காலால் அளந்து கம்புகளை வைத்திருந்தார். கொடி ஏறியது. பிள்ளைகளின் பேண்டு வாத்தியம் ஓய்ந்தது. நானும் அம்மாவும் கூட்டத்தை மறித்துக் கட்டிய கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

அப்பா விறைப்பாக உட்கார்ந்து திரும்பினார். நான் எண்ணினேன். எட்டில் அவர் குரல் கேட்டது. முதல் கம்பு தாண்டியாயிற்று. மறுபடி எட்டு, இரண்டாவது. அப்படி ஒரு தாண்டல் அது, கம்புக்கும் குளம்புக்கும் இடையில் ஒரு கை நுழையும். கூட்டம் எழுந்துவிட்டது. விசிலும் கைதட்டலும் அடங்கவில்லை. அவர் மூன்றாவது கம்புக்குத் திரும்பியபோதும் அடங்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. அப்பாவின் வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன். குரல் எனக்குக் கேட்கவில்லை. பிஜ்லிக்கும் கேட்கவில்லை.

அது நிற்கவில்லை, தாண்டவும் இல்லை. அங்கே கம்பு என்று ஒன்றே இல்லாததைப் போல முழுப் பாய்ச்சலில் மார்பால் போய் மோதியது. மூங்கில் வெடித்தது. குதிரை முழங்காலில் விழுந்து புரண்டது. அப்பா அதன் கழுத்துக்கு மேலாகப் போய்த் தோளை அடித்துக்கொண்டு விழுந்தார்.

கூட்டம் சிரித்தது. இன்று வரை எனக்குப் புரியாத சிரிப்பு அது. வேண்டுமென்று செய்த வேடிக்கை என்று நினைத்தார்களோ என்னவோ. பிஜ்லி எழுந்துவிட்டது. முழங்கால்களிலிருந்து ரத்தம் ஒழுக, சேணம் ஒரு பக்கம் சரிந்து தொங்க, தலையை அப்படியும் இப்படியும் திருப்பி அப்பாவின் குரலைத் தேடிக்கொண்டு நின்றது. அதற்குள் நான்கு பேர் ஓடிப்போய் அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். கனமான எதையும் சேர்ந்து தூக்கும்போது யாரும் சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

"ஹப்."

பிஜ்லி தாண்டியது. ஆள் இல்லாமல், கம்பு இல்லாமல், ரத்தம் வழிகிற முழங்கால்களை மார்போடு மடக்கி, அந்த வெறும் மைதானத்தில் எழும்பி இறங்கியது. இறங்கியபோது கால் மடிந்து தடுமாறியது. அப்பாவின் ஒரு பக்கத்தைத் தரையில் நழுவவிட்டவர்கள் மறுபடி "ஹப்" என்று தூக்க, அது மறுபடியும் தாண்டியது.

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை பேர் இருக்கிற இடத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. அம்மா என் கையை விட்டுவிட்டு அப்பாவை நோக்கி ஓடினாள். நான் கயிற்றுக்கு அடியில் நுழைந்து குதிரையிடம் ஓடினேன். "ஹோ, ஹோ" என்று சொல்லிக்கொண்டே போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன். அது முகத்தை என் நெஞ்சில் வைத்து அழுத்தியது. அதன் உடம்பு முழுவதும் உதறிக்கொண்டிருந்தது. முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"என்ன பாப்பா இதுக்கு? பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"கண்ணு தெரியாது" என்றேன். "ரெண்டும் தெரியாது. சொன்னாத் தாண்டும். எங்க சொன்னாலும் தாண்டும்."

அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையில் உட்கார்ந்து, ஒடிந்த தோளை மறு கையால் தாங்கிக்கொண்டிருந்தார். ஆமாம் என்பதுபோல் தலையை அசைத்தார். பிறகு, எனக்கு நம்பவே முடியாதபடி, "முதலாளி, சத்தத்துல அதுக்குக் கேக்கல. அடுத்த வருசம் மணி கட்டி..." என்று ஆரம்பித்தார்.

"வத்து தபேதார், வத்து" என்றார் முதலாளி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் அவர். மனசு கலங்கினால் அதுதான் முதலில் வரும். வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன, அதச் சுட்டா போடப் போறேன்?"

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பில் மோதி விழுந்ததைவிடப் பெரிய அடி அந்தக் கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வருடத்துக்கு மேலாக அவர் யாரிடமிருந்து அந்தக் குதிரையைக் காப்பாற்றினாரோ, அந்த ஆள் அங்கே இல்லவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தோளுக்குக் கட்டுப் போட்ட பிறகு அப்பா பேசிய முதல் பேச்சு, "அது ஒரு தடவகூட நிக்கலயே" என்பதுதான்.

கட்டின் நுனியை இழுத்து முடிந்துகொண்டிருந்த அம்மா சொன்னாள்: "அதுக்கு நிக்கத் தெரியாது. நிறுத்தியிருக்க வேண்டியது நீங்க."

அதற்குப் பிறகு அவர் எந்தக் குதிரை மேலும் ஏறவில்லை. முழங்கால் காயம் ஆறியதும் முதலாளி பிஜ்லியைச் சோழபுரத்தில் இருந்த தன் தென்னந்தோப்புக்கு அனுப்பினார். அங்கே அது இன்னும் நாலு வருடம், தொண்ணூறுகளின் தொடக்கம் வரை, வாய்க்கால் ஓரம் புல் மேய்ந்து சதை போட்டு வாழ்ந்தது. தேங்காய் மூட்டை தூக்குகிற ஆட்களிடம் அப்பா ஒருவர் விடாமல் போய், அந்த ஒரு சத்தத்தை மட்டும் தோப்புக்குள் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் முதலில் சிரித்தார்கள். ஒருவன் மறந்துபோய்ச் சொல்லி, அது தாண்டியதைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. அந்தத் தோப்பில் நாலு வருடம் மூட்டைகளை வாயைத் திறக்காமல் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அப்பா சைக்கிளில் அங்கே போவார். நான் கூடப் போனதில்லை. கூப்பிட்டார், எனக்கு மனசு வரவில்லை. அது ஒரு மழைக்காலத்தில் படுத்தபடி செத்துப்போனதையும், அங்கேயே புதைத்ததையும் அவர் சொல்லித்தான் தெரியும்.

என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். அன்றைக்கு அம்மா டார்ச்சோடு வராமல் இருந்திருந்தால், என்னை உண்மையிலேயே அந்த மைதானத்தில் ஏற்றிவிட்டிருப்பீர்களா என்று.

"தெரியல பாப்பா" என்றார். "நெதம் ராத்திரி படுத்தா யோசிக்கேன். தெரியல."

இல்லவே இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். தெரியவில்லை என்று சொன்னதால்தான் பல வருடங்களுக்குப் பிறகு அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடிந்தது.

இப்போது அப்பா இல்லை. மில்லும் கைமாறி, அந்தத் தரிசில் மனை பிரித்துக் கல் ஊன்றிவிட்டார்கள். போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு சோழபுரத்துக்குப் போனேன். மண்டபத்துக்குள் நுழையும்போதுதான் அது அந்தத் தோப்பு இருந்த இடம் என்று அம்மா சொன்னாள். ஒரு தென்னை இல்லை. வாய்க்காலை மூடிச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். பந்தி முடிந்து வெளியே வந்ததும், எண்பதைத் தொடப்போகிற அம்மா கம்பை ஊன்றி, கார்கள் நிறுத்துகிற இடத்தின் நடுவே போய் நின்றாள். அப்பாவோடு அவளும் அங்கே வந்துபோயிருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இங்கனதான் பிச்சியப் பொதச்சாவ" என்றாள். அதுவரை அவள் அதைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். இரண்டு அடி தள்ளிப் போய், "இல்ல, இங்கன" என்றாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள். பின்னால் ஒரு கார் எடுக்கிறவர் ஹாரன் அடித்தார். அம்மா நகரவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.